வீட்டுக்குள் வைக்கும் டிவி ஆன்டெனா: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: கேபிளை நிறுத்திவிட்டு, டவரிலிருந்து நேரடியாக வரும் சேனல்களை மட்டும் பார்க்கலாம் என்று இருக்கிறேன். கூரையில் ஆன்டெனா வைக்க வழியில்லை, வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும். ஒரு பெட்டியில் '4கே' என்றும் இன்னொன்றில் '300 கிலோமீட்டர்' என்றும் போட்டிருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். வருகிற ரேடியோ அலையைப் பிடித்து டிவிக்கு அனுப்புவதோடு ஆன்டெனாவின் வேலை முடிந்தது, படம் 4கே-வா இல்லையா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. 300 கிலோமீட்டர் என்பதும் வெறும் பேச்சுதான். பூமி வளைந்திருப்பதால் கூரை ஆன்டெனாவுக்கே 100 கிலோமீட்டருக்கு மேல் நம்பகமாகக் கிடைப்பது அபூர்வம், அப்படியிருக்க நான்கு சுவருக்குள் இருப்பதற்கு எங்கே கிடைக்கப்போகிறது?

நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, டவர் எந்தத் திசையில் இருக்கிறது, உங்களுக்கு வேண்டிய சேனல்கள் விஎச்எஃப்பில் (அதிர்வெண் குறைந்த, அலை நீளமான அலைவரிசை) வருகின்றனவா யுஎச்எஃப்பிலா (அதிர்வெண் கூடிய, அலை குட்டையான அலைவரிசை) என்பதைத்தான். சுவரில் ஒட்டும் தாள் போன்ற தட்டை ஆன்டெனா யுஎச்எஃப்புக்கு நன்றாக இருக்கும், ஏனென்றால் 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 சென்டிமீட்டர், ஆன்டெனாவுக்கு அதில் பாதி நீளம் இருந்தால் போதும், அந்த 25 சென்டிமீட்டர் தாளுக்குள் அடங்கிவிடும். விஎச்எஃப்பில் 200 மெகாஹெர்ட்ஸ் என்றால் பாதி அலையே 75 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. அதற்கு இழுத்து நீட்டுகிற இரண்டு கம்பி வைத்த பழைய மாதிரிதான் சரி, கம்பிக்கு 37 சென்டிமீட்டர் வாக்கில் நீட்டி வையுங்கள். டிவியில் உங்கள் நாட்டு டிஜிட்டல் ஒளிபரப்புக்கான டியூனர் (சிக்னலிலிருந்து சேனலைப் பிரித்தெடுக்கும் பகுதி) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் இடம். விலையைவிட இதுதான் முக்கியம் என்பேன். டவர் பக்கத்து ஜன்னலில், முடிந்த அளவு உயரத்தில், தாளின் முகம் டவரைப் பார்க்கிற மாதிரி வைத்துப் பாருங்கள். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி என்றால் அது சிக்னலையும் தடுக்கும், அங்கே ஒட்டாதீர்கள். ஒட்டுவதற்கு முன் கையில் பிடித்துக்கொண்டே, டிவி மெனுவில் சிக்னல் தரம் காட்டும் பட்டையைப் பார்த்தபடி, ஒரு சாண் இப்படி ஒரு சாண் அப்படி என்று நகர்த்துங்கள். கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகிற படம் அரை அடி தள்ளி வைத்ததும் தெளிவாக ஓடும். பழைய அனலாக் போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்து சமாளிக்கிற கதை டிஜிட்டலில் கிடையாது, ஒன்று முழுசாக வரும், இல்லையென்றால் உடைந்துவிடும். இடம் மாற்றிய பிறகு சேனல்களை மறுபடி ஸ்கேன் செய்ய மறக்க வேண்டாம்.

கேள்வி: பூஸ்டர் வைத்ததை வாங்கினால் கூடுதல் சேனல் வருமா?

பதில்: கேபிள் நீளமாகப் போனாலோ, ஒரே ஆன்டெனாவை இரண்டு டிவிக்குப் பிரித்தாலோ பூஸ்டர் உதவும். ஆன்டெனா இருக்கும் இடத்துக்கே சிக்னல் வந்து சேரவில்லை என்றால் ஒன்றும் செய்யாது, இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். டவருக்குப் பக்கத்திலேயே குடியிருந்தால் கெடுதல்கூட உண்டு, சிக்னல் அளவுக்கு மீறிப் போய் டியூனர் திணறி, வந்துகொண்டிருந்த சேனலும் போய்விடும். அதனால் பூஸ்டரைத் தனியாகக் கழற்ற முடிகிற மாதிரி வாங்குங்கள், முதலில் அது இல்லாமல் ஸ்கேன் செய்து பாருங்கள்.

கேள்வி: பகலில் நன்றாக வரும் சேனல் ராத்திரியில் மட்டும் உடைகிறது. ஆன்டெனா கெட்டுவிட்டதா?

பதில்: அதற்குள் புதிதாக வாங்கிவிடாதீர்கள். ஆன்டெனா பக்கத்தில் எல்இடி விளக்கோ போன் சார்ஜரோ இருக்கிறதா? மலிவான சில விளக்குகளும் சார்ஜர்களும் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும், விஎச்எஃப் சேனல்கள்தான் இதில் அதிகம் அடிபடும். படம் உடையும்போது ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள், எதை அணைத்ததும் படம் சரியாகிறதோ அதை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள்.