விகுதி இல்லாத மரியாதை

அன்புள்ள ஐயா,

பழைய சீன மொழியில் வினைச்சொல்லுக்கு விகுதியே கிடையாது என்று படித்தேன். அப்படியானால் 'வா', 'வாருங்கள்' என்ற வேறுபாடே இருந்திருக்காதே? அரசனிடமும் வேலைக்காரனிடமும் ஒரே மாதிரியா பேசினார்கள்? மரியாதை தெரியாத வறண்ட மொழியாகத் தோன்றுகிறது. தமிழுக்கும் சீனத்துக்கும் உறவு உண்டா? கற்க எந்த அகராதி வாங்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

உறவுக் கேள்வியை விட்டுவிடுகிறேன். அகராதியும் அப்புறம். ஒரு பக்கம்கூடப் படிக்காத மொழியை 'வறண்ட மொழி' என்று எப்படி எழுத மனம் வந்தது? கேட்டது நல்ல கேள்வி, அதனால்தான் கோபம் வருகிறது. இப்போது நான் பழைய சீன அறிஞர் மென்சியஸின் நூலைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

விகுதி இல்லை, சரி. வெறும் வினையே ஏவலாகும். ஆனால் தடுப்பதற்குத் தனிச் சொல் உண்டு. 'நீ விரும்பாததைப் பிறருக்குச் செய்யாதே' என்ற கன்பூசியஸ் வாக்கில், 'விரும்பாத' என்ற இடத்தில் வருவது 'பு'. 'செய்யாதே' என்ற இடத்தில் 'வு'. வேண்டுவதற்கு 'ச்சிங்' (வேண்டுகிறேன்), 'யுவென்' (விரும்புகிறேன்) என்று சொற்கள் இருந்தன. 'ஒவ்வொருவராக உங்கள் ஆசையைச் சொன்னால் என்ன?' என்று கன்பூசியஸ் மாணவர்களிடம் கேட்கிறார். அவர்கள் சொல்லி முடித்ததும் அவர்களில் ஒருவனான ஸிலு, 'உங்கள் ஆசையைக் கேட்க விரும்புகிறேன்' என்கிறான். ஆசிரியரை ஏவாமல் தன் விருப்பத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறான். இதில் எங்கே வறட்சி?

விகுதியில்தான் மரியாதை இருக்கிறது என்ற நம்பிக்கையை நாம் விட்டாக வேண்டும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் மேலாளர் எல்லாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். சம்பள பாக்கி கேட்டு வந்த பெரியவர் ஒருவரை 'வெளியே நில்லுங்க' என்று சொல்லி மதியம் வரை வெயிலில் நிறுத்தினார். அந்த 'ங்க'வில் துளி மரியாதை இல்லை. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

இனி மென்சியஸுக்கு வருகிறேன். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்தின் ச்சி நாட்டை ஆண்டவன் சுவான். புதிய மணிக்குப் பலி ரத்தம் பூசும் சடங்குக்காக ஒரு மாட்டை இழுத்துப் போகிறார்கள். அரசன் பார்த்துவிட்டு, 'விடு அதை! அது நடுங்குவதைத் தாங்க முடியவில்லை' என்கிறான். 'விடு அதை' என்பது சீனத்தில் இரண்டே எழுத்து. ஆளைப் பார்த்துச் சொன்ன அப்பட்டமான ஏவல். மென்சியஸ் இந்தச் சம்பவத்தை அவனுக்கே நினைவூட்டி, உன் இரக்கம் மாட்டோடு நின்று மக்களிடம் வராதது ஏன் என்று கேட்கிறார். அவன் மனதை அவனே அளந்து பார்க்கட்டும் என்று சொல்லும்போது 'ச்சிங்' சேர்க்கிறார். கடைசியில் அதே அரசன், எனக்குத் தெளிவாகக் கற்றுத்தர வேண்டும், மந்தமானவன்தான், ஆனாலும் முயன்று பார்க்கிறேன் என்கிறான். அந்தப் பேச்சில் 'யுவென்', 'ச்சிங்' இரண்டும் வருகின்றன. வேலைக்காரனிடம் இரண்டு எழுத்தில் பேசியவன் அறிஞன் முன்னால் பணிகிறான்.

ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது அதற்கும் அடுத்த பகுதி. மென்சியஸ் பதில் சொல்கிறார்: நூறு மூ நிலம், அதன் பருவத்தைப் பறிக்காதே, எட்டு வாய் உள்ள குடும்பம் பசியில்லாமல் வாழும். 'மூ' என்பது சீன நில அளவு. உழவு நேரத்தில் குடியானவனைப் போருக்கும் வேலைக்கும் இழுக்காதே என்று அர்த்தம். அங்கே 'வு' மட்டும்தான் இருக்கிறது. 'பறிக்காதிருந்தால்' என்று நிபந்தனையாகவும் அதை வாசிப்பார்கள், வாசிக்கலாம். ஆனாலும் சற்று முன்னால் அரசனின் மனதுக்காக 'ச்சிங்' போட்டவர், குடியானவனின் பருவத்துக்கு வந்ததும் அதைப் போடவில்லை. அவர் கெஞ்ச விரும்பாத இடம் அது என்றே நான் வாசிக்கிறேன்.

அகராதி வாங்குவதற்கு முன் இந்த உரையாடலை ஏதாவது ஒரு மொழிபெயர்ப்பில் முழுக்கப் படியுங்கள். முதல் அதிகாரத்தின் முதல் பாதியில் ஏழாவதாக வருகிறது. படித்துவிட்டு எழுதுங்கள். அகராதியைப் பற்றி அப்போது பேசுவோம்.