நேஷனல் டீம் கேம்ப்பும் எச்.எஸ்.சி.யும் ஒரே வருஷத்துல: மொரீஷியஸ் ரோஸ் ஹில் அக்காவுக்கு

அக்கா, உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். பொண்ணு நேஷனல் வாலிபால் கேம்ப்ல இருக்கா, டீம்ல எடுத்தா மெடல் மேட்ச் ஆட வெளிநாடு போகணும், அதே வருஷம் ஸ்கூல் கடைசிப் பரிட்சையான எச்.எஸ்.சி.யும் எழுதணும், "கேம்ப்ப நிறுத்திடவா"ன்னு கேக்குறீங்க. நிறுத்தாதீங்க.

2023-ல மடகாஸ்கர்ல நடந்த இந்தியப் பெருங்கடல் தீவுகளோட விளையாட்டுப் போட்டியப் பாருங்க, ஆகஸ்ட் 25 ஆரம்பிச்சு செப்டம்பர் 3 முடிஞ்சுது, மொத்தமே பத்து நாள்தான். பத்து நாள்ல யாரு படிப்பும் கெடாது. கெடுக்கறது அதுக்கு முன்னாடி இருக்கற மாசக்கணக்கான கேம்ப், சாயங்காலம் வாக்வா ஊர்ல ப்ராக்டிஸ், இருட்டினப்புறம் பஸ், வீட்டுக்கு வந்து சாப்பிட்டா கண்ணு சொக்குது, புக்க தொறந்து வெச்சபடியே தூங்கிடுறான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப ராத்திரி படிப்ப விட்டுடுங்க. ஒம்பதரைக்கு லைட்ட அணைங்க, காலைல அஞ்சு மணிக்கு ஒன்றரை மணி நேரம் கெமிஸ்ட்ரியோ மேத்ஸோ, கஷ்டமான சப்ஜெக்ட் மட்டும். கட்டுரை எழுதற ஜெனரல் பேப்பருக்குப் படிக்கறத பஸ்லயே படிக்கலாம். வாரத்துல நாலு டியூஷன்னு சொன்னீங்க, அதுல ரெண்ட கேம்ப் முடியற வரைக்கும் நிறுத்துங்க, டீச்சர்கிட்ட இப்பவே சொல்லி நோட்ஸ் வாங்கி வெச்சுக்கங்க.

ஸ்கூல மட்டும் விட வேணாம் அக்கா, இத அழுத்திச் சொல்றேன். முன்னாடி எங்கிட்ட ஒரு பையன் வந்தான், கேம்ப்புக்காக ஸ்கூலுக்குப் போறதயே நிறுத்திட்டான், டீமோட கடைசி லிஸ்ட்ல பேரு வரல. அவங்கப்பா எம்முன்னாடி உக்காந்து அவனோட நீ-பேட கையில வெச்சு தடவிட்டே இருந்தாரு, ஒரு வார்த்த பேசல. அந்தப் பையன் திரும்ப படிக்க வர ஒரு வருஷம் ஆச்சு. உங்க பொண்ணு பேரும் இன்னும் கடைசி லிஸ்ட்ல வரல, அத அவகிட்ட பயமுறுத்தாம, ஆனா ஒளிக்காம சொல்லிடுங்க.

"வாலிபால் சோறு போடுமா"ன்னும் கேட்டீங்க. நம்ம ஊர்ல வாலிபால மட்டும் நம்பி குடும்பம் நடத்தறது ரொம்ப கஷ்டம், அதுல உங்க பயம் நியாயந்தான். ஆனா அத வெச்சு போற வழிங்க இருக்கு. அவ லிபெரோ ஆடறான்னு சொன்னீங்க, வேற கலர் ஜெர்சி போட்டுட்டு, சர்வீஸ் போடாம, ப்ளாக்குக்கு எகிறாம, பின்னாடி நின்னு பந்த எடுக்கற ஆளு. உயரம் கம்மின்னு கவலப்படற பொண்ணுங்களுக்கு இருக்கற இடம் அது. அமெரிக்கால யுனிவர்சிட்டிங்க பொண்ணுங்க வாலிபாலுக்கு ஸ்காலர்ஷிப் குடுக்குறாங்க, அங்க காலேஜ் விளையாட்ட மூணு டிவிஷனா பிரிச்சிருக்காங்க, அதுல டிவிஷன் மூணுல விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆனா அங்கயும் ஸ்கூல் மார்க்க பாப்பாங்க, மேட்ச் வீடியோவும் கேப்பாங்க, அதனால வெளிநாட்டுல அவ ஆடற மேட்ச் எல்லாத்தையும் முழுசா எடுத்து வெக்கச் சொல்லுங்க, பந்த நல்லா எடுத்தது மட்டும் இல்ல, தப்பு பண்ணதும் சேத்து. "காசு குடு, சீட் வாங்கித் தரேன்"னு எவனாவது வந்தா முதல்ல என்கிட்ட காட்டுங்க.

கிட்டக்க வேணும்னா பக்கத்து ரீயூனியன் தீவுல லெ தாம்போன் ஊர்ல ஸ்டாப்ஸ்ங்கற விளையாட்டுப் படிப்பு இருக்கு, மூணு வருஷ டிகிரி (லைசன்ஸ்னு சொல்வாங்க), விளையாட்டு அறிவியல், கோச்சிங், உடற்கல்வி எல்லாம் அது வழியா போலாம், பிரெஞ்சு நம்ம புள்ளைங்களுக்கு பிரச்சினையே இல்ல. இங்கயே படிக்கறதுன்னா 2019-லருந்து அரசு யுனிவர்சிட்டில முதல் டிகிரிக்கு ஃபீஸ் இல்ல. பிசியோதெரபி எனக்கு ரொம்ப பிடிச்ச வழி, ஆடின கை கால் வலி தெரிஞ்ச பொண்ணு அந்த வேலைல நல்லா வருவா, ஆனா அதுக்கு சயின்ஸ் மார்க் வேணும், அதான் காலைல அந்த ஒன்றரை மணி நேரம்.

செமிஃபைனல்ல தோத்தா மறுநாளோ அதுக்கடுத்த நாளோ வெண்கல மேட்ச் ஆடணும், அதுலயும் தோத்தா வெறுங்கையோட வருவா, ஏர்போர்ட்ல கட்டிப்பிடிங்க, பரிட்சையப் பத்தி மூணு நாள் வாயே திறக்காதீங்க. ஜெயிச்சு வந்தாலும் அதே மூணு நாள் தான்.

அவளுக்கு இன்னும் 18 ஆகல, அதனால வெளிநாடு போக உங்க சம்மதக் கடிதம் கேப்பாங்க, பாஸ்போர்ட் தேதிய இன்னிக்கே பாத்துடுங்க. கேம்ப் ஷெட்யூலையும் ஸ்கூல் டைம்டேபிளையும் எடுத்துட்டு சனிக்கிழமை வாங்க, அவளையும் கூட்டிட்டு வாங்க, அவ வாயால கேக்கணும்.