லீற்றருக்கு 28 என்றார்கள், ஓடுவது 19: காசைத் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: கொழும்புப் பக்கம் ஒரு கார் சேலில், ஜப்பானில் பாவித்து இங்கு இறக்கிய ஹைபிரிட் கார் ஒன்றை முழுக்காசு கொடுத்து வாங்கினோம். வாங்கி இரண்டரை மாதம். வீடு திருகோணமலை, பள்ளிக்கூடம் கந்தளாய். போய்வர எண்பது கிலோமீற்றர். விற்றவர் வாட்ஸ்அப்பில், "லீற்றருக்கு 28 ஓடும், நாலு டயரும் புதுசு" என்று எழுதியிருக்கிறார். எங்களுக்கு 19ஐத் தாண்டவில்லை. போன கிழமை காற்றடிக்கப் போன இடத்தில், இது பனி நாட்டு டயர் என்றார்கள். கனடாவில் இருக்கும் தம்பியும் விண்டர் டயர் போட்டால் பெற்றோல் கூடத்தான் குடிக்கும் என்கிறான். காரைக் கொடுத்துவிட்டுக் காசை வாங்க முடியுமா? - ஓர் ஆசிரியை

ரீச்சர், காரைப் பற்றிப் பேசமுன் கலண்டரைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் அந்த அதிகாரசபைக்குப் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு மிச்சம் இருப்பது இரண்டு கிழமை. அவர்களின் 1977 இலக்கத்துக்குப் போன் பண்ணி விபரம் கேட்கலாம், ஆனால் போனில் சொன்னேன் என்பது எழுத்து ஆகாது. கடிதம் எழுதி, பற்றுச்சீட்டின் பிரதியையும் சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இந்தப் பதிலின் மிச்சத்தை அதற்குப் பிறகு வாசித்தாலும் குறையில்லை.

சரி, இப்போது டயர். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். பக்கச் சுவரில் மூன்று முகட்டு மலை, அதற்குள் ஒரு பனிப்பூ: கடும் பனிக்கான டயர் என்பதற்கு உலகம் முழுக்க உள்ள அடையாளம். கொஞ்சம் தள்ளி ஒரு நீள்வட்டத்துக்குள் 4122. அந்த டயர் 2022ஆம் ஆண்டின் 41ஆவது கிழமை, அதாவது ஒக்டோபரில், அச்சில் இருந்து இறங்கியது என்று அர்த்தம். இந்த நாலு இலக்கத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், திரும்ப வருவேன்.

விண்டர் டயரின் ரப்பர் மென்மையானது. 7 பாகைக்குக் கீழே மற்ற டயர்கள் விறைக்கும்போது இது நெகிழ்ந்து கொடுக்க வேண்டும், அதற்காகவே செய்தது. ரோட்டில் படுகிற டயர்ப் பூவெல்லாம் மயிரளவு கீறல்கள், பனியைக் கடித்துப் பிடிக்க. அதைக் கொண்டுவந்து 35 பாகை வெயிலில், கச்சான் காற்று அடிக்கிற காலத்தில், கந்தளாய் ரோட்டில் ஓட்டினால் என்ன நடக்கும்? ரப்பர் குழையும், பூ நெளியும், கெதியாகத் தேயும், ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் கார் நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். கந்தளாய்க்கு அப்பால் ஹபரணைப் பக்கம் இரவில் ஓடியவர்களுக்கு, யானை குறுக்கே நின்றால் அந்த மிச்சத் தூரத்தின் பெறுமதி தெரியும்.

பெற்றோலும் கூடத்தான் செலவாகும். டயர் உருளும்போது நசுங்கி நிமிர்கிறது, அதில் போகிற சக்தி சூடாகிக் கரைந்துவிடும். ஹைபிரிட் காரில் பிரேக் பிடிக்கும்போது ஓட்டத்தின் சக்தியில் ஒரு பங்கு பற்றரிக்குத் திரும்பும். டயரில் சூடாகப் போனது திரும்பாது. அதனால்தான் ஹைபிரிட் கார்களுக்குக் கொம்பனியே உருளும் தடை குறைந்த டயரைப் பார்த்துப் போடுகிறது.

ஆனால் எவ்வளவு கூடும்? இங்கேதான் உங்கள் வழக்கு ஆட்டம் காண்கிறது. உருளும் தடை 10 சதவீதம் கூடினால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் கூடும் என்பது பொறியியலாளர்களின் பொதுக் கணக்கு. உங்கள் டயர் 30 சதவீதம் மோசம் என்று தாராளமாகவே வைப்போம். 3 முதல் 6 சதவீதம். 28 ஓட வேண்டிய கார் 26க்கு மேல் ஓட வேண்டும். 19 என்பது மூன்றில் ஒரு பங்கு குறைவு. அந்தப் பாரம் முழுவதையும் டயரின் தலையில் ஏற்ற முடியாது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரு பொறியியலாளரைக் கூண்டில் ஏற்றிப் பத்து நிமிடத்தில் இதை உடைத்துவிடுவார்.

தம்பி சொன்னது பிழை என்றில்லை, அவர் இருக்கிற ஊருக்கு அது சரி. அமெரிக்க அரசின் கணக்கின்படி, வெளியே 25 பாகையில் ஓடும் ஹைபிரிட் கார் மைனஸ் 7 பாகையில், நகருக்குள் ஓடும்போது, லீற்றருக்கு ஓடும் தூரத்தில் 30 முதல் 34 சதவீதம் வரை இழக்கும். அதில் பெரும் பங்கு குளிர் செய்வது. எஞ்சின் சூடேற நேரம் எடுக்கும், காருக்குள் வெப்பம் வேண்டுமென்று எஞ்சின் அணையாமல் ஓடும், பற்றரியும் குளிரில் சோம்பும். குளிர் தொடங்குகிற அதே கிழமையில் டயரையும் மாற்றுவதால் பழி டயருக்குப் போகிறது. திருகோணமலையில் அந்தக் குளிர் இல்லை. இங்கே ஏசி, காற்று அழுத்தம், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், தூசி அடைத்த பற்றரி விசிறி, கிழடான பற்றரி என்று கேள்விகள் வரும். அவற்றுக்கு முதலில் ஒரு நல்ல கராஜில் எழுத்து அறிக்கை எடுங்கள். பற்றரிதான் காரணம் என்று வந்தால் இது வேறு வழக்கு, இதைவிடப் பெரியது.

28 என்ற எண்ணிலும் வழுக்கல் இருக்கிறது. 2011 டிசம்பரில் வந்த டொயோட்டாவின் ஹைபிரிட் கார், முதல் அக்வாவுக்கு ஜப்பானின் ஜேசி08 எரிபொருள் சோதனையில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர், பழைய 10-15 சோதனையில் 40. ஒரே கார், இரண்டு எண். ரோட்டில் இரண்டும் கிடைக்காது. வியாபாரி 28 என்றது வாக்குறுதியா, வாய் வீச்சா என்று நீதிமன்றம் கேட்கும். ஓட்டுகிற ஆள், ரோட்டு, ஏசி எல்லாவற்றிலும் தொங்குகிற எண்ணை வைத்து வழக்காடுவது எனக்கு விருப்பமில்லை.

"நாலு டயரும் புதுசு" என்பது வேறு. அது நடந்த ஒன்றைப் பற்றிய கூற்று. 2022இல் செய்த டயர் என்று காட்டும் 4122 அதைப் பொய் என்கிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகள் வர்த்தகர் ஒருவர் தவறாக வழிநடத்துவதையும் பொய்யான விபரம் சொல்வதையும் தடுக்கின்றன. விசாரித்து நட்டம் ஏற்பட்டது என்று கண்டால், நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றவோ காசைத் திருப்பவோ அதிகாரசபை கட்டளையிடலாம். நீங்கள் கார் சேலில் வாங்கியது இங்கே கைகொடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கியிருந்தால் அவரை வர்த்தகர் என்று சொல்வது கஷ்டம்.

1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவு, அந்த வகைப் பொருளை விற்கும் வியாபாரி தரும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு பொறி: வாங்குபவர் பொருளைப் பார்த்துச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. "பனிப்பூ கண்ணுக்கு முன்னால்தானே இருந்தது" என்பார்கள். பனியையே காணாத ஊரில் அந்தப் பூவை யார் அறிவார் என்று நாங்கள் வாதாடலாம், வெல்லவும் கூடும். என்றாலும் அவர் தன் கையால் எழுதிய "புதுசு" இருக்கும்போது அந்தச் சண்டை எதற்கு?

காரைத் திருப்பிக் கொடுப்பதை மறந்துவிடுங்கள். இரண்டரை மாதம் ஓட்டிய பின் நீங்கள் காரை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் பார்க்கும், மிஞ்சுவது நட்டஈடு. நாலு புதிய டயரின் விலை, போடுகிற கூலி, கராஜ் அறிக்கைச் செலவு: என் கோரிக்கைக் கடிதத்தில் இவைதான் இருக்கும். பெற்றோல் வித்தியாசத்தை ஒரு வரியில், சிறு தொகையாக, பக்கத்தில் வைப்பேன்.

இந்தத் தொகைக்கு மாவட்ட நீதிமன்றம்வரை ஓடுவது நட்டம். பெரும்பாலும் சிறு பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபைக்குப் போய் வரும்படிதான் சொல்வார்கள், அங்கேயே முடிந்தால் நல்லது. அப்படி முடியாவிட்டாலும் வழக்குப் போட எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடம் காலவரை உண்டு. அவசரம் அதிகாரசபைக்கு மட்டும்தான்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அதைச் சான்றாக எடுக்க வழி விடுகிறது. மூன்று முறை ஒரே பெற்றோல் செட்டில் டாங்கியை நிரப்பி, மீற்றரையும் பற்றுச்சீட்டையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

டயரை மட்டும் காத்திருக்காமல் மாற்றுங்கள், மாரி வருகிறது. மாற்றமுன் ஏழு நாள் தவணை கொடுத்து, வந்து பார்க்கும்படி விற்றவருக்கு எழுதிவிடுங்கள். பழைய நாலையும் டயர் கடையில் கழிவுக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள், வீட்டில் அடுக்கி வையுங்கள். புதிய டயருக்கான பற்றுச்சீட்டில் கார் இலக்கத்தையும் கழற்றிய டயரின் அந்த நாலு இலக்கத்தையும் கடைக்காரரைக் கொண்டே எழுதுவித்து, அவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்குங்கள்.