கடல் பழகாதவர்களுக்குச் சீஷெல்ஸ்

கேள்வி: ஆகஸ்ட் விடுமுறையில் நானும் கணவரும் குழுப் பயணமாகச் சீஷெல்ஸ் போகிறோம். கடற்பயணம் எங்களுக்குப் பழக்கமில்லை. எதைக் கவனிப்பது? – வாசகி, ஹட்டன்

பதில்: முதலில் கடல்தான். மே முதல் ஒக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று வீசும். ஆகஸ்டில் பலமாகவே இருக்கும். முக்கியத் தீவான மாஹேயிலிருந்து பிராலின் தீவுக்குப் படகில் சுமார் ஒரு மணி நேரம். நுவரெலியா வளைவுகளில் வாந்தி வருபவர்களுக்கு இது சோதனைதான். மருந்துக்கடையில் கேட்டு, குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். ஆடத் தொடங்கியபின் போட்டால் பலன் குறைவு. கீழ்த்தட்டில், பின்பக்க இருக்கையே நல்லது, முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும். வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம்.

அதே காற்று பிராலினின் தென்மேற்குக் கரையில் கடற்பாசியைக் குவிக்கும். குழு அங்கே தங்கினால், குளிக்க வடமேற்கிலுள்ள ஆன்ஸ் லாசியோ கடற்கரைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். பக்கத்துத் தீவான லா டீக்கில் சைக்கிள்தான் வசதி.

விசா தேவையில்லை, ஆனால் இணையத்தில் பயண அனுமதி முன்கூட்டியே பெற வேண்டும். முகவர் எடுத்தாரா என்று கேட்டு, பிரதியை வாங்கிவையுங்கள்.

சீஷெல்ஸின் அரிய பனைவகைக் காயான இரட்டைத் தேங்காய் (கோகோ டி மேர்) வாங்க ஆசையா? ஏற்றுமதி அனுமதிச் சான்றிதழ் இல்லாமல் தந்தால் வாங்காதீர்கள்; விமான நிலையத்தில் பறிபோகும்.