பாத் பேனல் (குளியல் தொட்டியின் பக்கத்தை மூடும் பலகை) பொருத்துவது: லண்டன் வீட்டுக்காரர்களுக்குக் கேள்வி பதில். கேட்டவர்களின் பகுதிப் பெயர் முன்னால், என் பதில் அதன் கீழே.

ஹாரோ: அண்ணா, 1700 மி.மீ. தொட்டி. அக்ரிலிக் பேனல் வாங்கி மாட்டினேன். முழங்கால் பட்டாலே உள்ளே அமுங்குகிறது.

பின்னால் சட்டம் அடித்தீர்களா? மேல் விளிம்பில் செருகினால் மட்டும் நிற்காது. தொட்டி விளிம்பின் உட்பக்கத்திலிருந்து ரசமட்டத்தைச் செங்குத்தாகப் பிடித்துத் தரையில் கோடு போடுங்கள். பேனலின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு உள்ளே தள்ளி 50×25 மி.மீ. மரச்சட்டத்தைத் திருகுங்கள். நடுவில் இரண்டு நிற்கும் கட்டைகள். தரைக்கடியில் குழாய் ஓடுகிறதா என்று பார்க்காமல் துளை போடாதீர்கள்.

ஈஸ்ட் ஹாம்: தரை ஒரு பக்கம் சரிவு. ஒரு முனை இடிக்கிறது, மறுமுனையில் விரல் நுழைகிறது.

பழைய வீடுகளில் தரை மட்டமாக இருந்தால்தான் அதிசயம். டேப்பால் இரண்டு முனையையும் அளந்து நேர்கோடு வெட்டாதீர்கள். நடுவில் உள்ள மேடு காட்டிக்கொடுத்துவிடும். உயரம் கூடுதலான பேனலாக வாங்கித் தொட்டிக்கு முன்னால் நிறுத்துங்கள். அதன் மேல் ஓரம் தொட்டி விளிம்புக்கு இணையாக வரும்வரை அடியில் ஆப்பு வையுங்கள். இப்போது எவ்வளவு உயரம் மிஞ்சுகிறதோ அந்த அளவுக்குக் கவராயத்தை விரித்து, ஒரு காலைத் தரையில் உரசியபடி பென்சில் முனையைப் பேனலில் இழுத்துக்கொண்டே போங்கள். தரையின் மேடுபள்ளம் அப்படியே கோடாக இறங்கும். மாஸ்கிங் டேப் ஒட்டி, நுண்பல் வாளால் கோட்டுக்கு வெளியே அறுத்து, கடைசி மில்லிமீட்டரை உப்புத்தாளில் தேயுங்கள்.

எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பேனல் என்றால் அறுத்த ஓரத்துக்கு இரண்டு கோட் பெயின்ட். இல்லாவிட்டால் தரை துடைக்கும் தண்ணீரைக் குடித்து அடி ஊதிவிடும்.

குரோய்டன்: சுவரோர இடைவெளியை அடைக்கும் சிலிக்கான் பசை முதலிலா, பேனல் முதலிலா?

சிலிக்கான். அதற்கும் முன் தொட்டியில் தண்ணீர் நிரப்புங்கள். நூறு லிட்டருக்கு மேல் பாரம் ஏறும்போது தொட்டி கொஞ்சம் இறங்கும். வெறும் தொட்டியில் பூசினால் முதல் குளியலிலேயே சுவரோரம் பிளந்துவிடும். சிலிக்கான் காய்ந்த பிறகே தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். பேனல் கடைசி வேலை.

வெம்ப்ளி: பேனலைச் சட்டத்தில் மாட்டத் திருகா, காந்தமா?

காந்தம். கழற்ற வேண்டிய நாள் கட்டாயம் வரும்.

மிட்சம்: மேல்மாடிக் குளியலறை. ஊரில் செய்கிற மாதிரி செங்கல் கட்டி டைல் ஒட்டிவிட்டால் என்ன? பேனல் பார்க்க மலிவாக இருக்கிறது.

ஊரில் அடியில் கான்கிரீட். உங்கள் மேல்மாடி மரச்சட்டமும் பலகையும். செங்கல் பாரம் ஒரு பக்கம் இருக்கட்டும், டிராப்பின் (தொட்டிக்கடியில் கழிவுநீர் போகும் வளைகுழாய்) வாஷர் கசிந்தால் எங்கே கை விடுவீர்கள்?

மிட்சம்: என் மச்சான் வீட்டில் பத்து வருடமாக அப்படித்தான் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

கசிவு சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கீழ் அறை சீலிங்கில் மஞ்சள் வட்டம் விழும்போது மேலே பலகை ஊறிப்போயிருக்கும். மச்சானுக்கு அதிர்ஷ்டம்.

டூட்டிங்: நான் மிட்சம்காரர் பக்கம். டைல்தான் அழகு.

டைல் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? சட்டத்தின் மேல் சிமென்ட் போர்டு, அதன் மேல் டைல். டிராப் இருக்கும் முனையில் மட்டும் ஒரு துண்டு காந்தத்தில் நிற்கட்டும். அதன் ஓரங்களை டைல் இடைவெளிக் கோட்டிலேயே பிரித்து, கிரவுட்டுக்குப் பதில் அதே நிறச் சிலிக்கான் இழுங்கள். சட்டென்று பார்த்தால் தெரியாது. வேண்டும்போது கத்தியால் கீறி எடுக்கலாம்.

மிட்சம்: சரி, அப்படியானால் ஒத்துக்கொள்கிறேன். மச்சானிடம் சொல்ல மாட்டேன்.

இல்ஃபோர்ட்: எங்கள் வீட்டுத் தரையும் சரிவு, என்ன செய்வது?

ஈஸ்ட் ஹாம் பதில்.

ஹேய்ஸ்: சுவரோரம் சிலிக்கான் பிளந்துவிட்டது.

வெறும் தொட்டியில் பூசினீர்கள், இல்லையா? சுரண்டி எடுத்துவிட்டுக் குரோய்டன் பதிலைப் படியுங்கள்.

பார்னெட்: வேர்ல்பூல் (மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சும்) தொட்டி. பேனலுக்குப் பின்னால் மோட்டார் வயரை நானே இணைக்கலாமா?

கூடாது. பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மோட்டாருக்குக் கை எட்டுகிற பக்கம் பேனல் கழலவேண்டும், அது மட்டும் என் வேலை.

சட்டன்: தண்ணீர் நிரப்பித்தான் பூச வேண்டுமா?

ஆமாம்.