ஆழிநாட்டுக்கு உப்பு எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் கொருக்குப்பேட்டையில் வசிக்கிறேன். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஆவணப் பிரிவில் வேலை. கழிமுகத்தை வைத்து நீங்கள் எழுதிய நாவலைப் படித்த பிறகு நானும் ஒரு கற்பனை நாட்டை உருவாக்கி, அதில் ஒரு நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். நாட்டின் பெயர் ஆழிநாடு. அது ஒரு தீவு. ஐந்திணை மரபை ஒட்டி அதை ஐந்து மாகாணங்களாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனிக் கொடி, தனி நாணயம், தனி வழிபாடு உண்டு. ஒன்றையொன்று நம்பியிருக்கக் கூடாது என்பதற்காக எல்லாவற்றிலும் வயல், காடு, உப்பளம், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றை வைத்தேன். நட்டநடுவில் மலைமேல் ஒரு லட்சம் பேர் வாழும் தலைநகரம், அருகிலேயே அரசருக்குச் செல்வம் தரும் தங்கச் சுரங்கம். மலையில் பிறக்கும் ஆறு இரண்டாகப் பிரிந்து கிழக்குக் கடலிலும் மேற்குக் கடலிலும் கலக்கிறது.

வரைபடத்தைப் பார்த்த என் நண்பன், “மேப் நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இந்த ஊர்ல எவனும் சோறு துன்ற மாதிரியே தெரியலையே” என்றான். எனக்குச் சுருக்கென்று பட்டது. கற்பனை நிலத்தின் புவியியலையும் பொருளாதாரத்தையும் எங்கிருந்து தொடங்குவது? எவ்வளவு தெரிந்தால் போதும்? வரைபடத்தை நூலில் சேர்க்கலாமா?

அன்புடன்,
வ., கொருக்குப்பேட்டை

*

அன்புள்ள வ.,

உங்கள் நண்பரை விட்டுவிடாதீர்கள். அவர் கேட்டதை அப்படியே கணக்காக மாற்றிப் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ தானியம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் தலைநகரத்துக்குத் தினமும் 50 டன் வந்து சேர வேண்டும். மாட்டுவண்டி ஒரு டன் இழுக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மலைப்பாதையில் அவ்வளவு இழுக்காது. வயலிலிருந்து ஏறுவதற்கு நான்கு நாள், இறங்குவதற்கு நான்கு நாள் என்றால், எந்த நேரத்திலும் 400 வண்டிகளும் 800 மாடுகளும் பாதையில் இருக்க வேண்டும். அந்த மாடுகளுக்கு வைக்கோல் வேண்டும், தண்ணீர்த்தொட்டி வேண்டும், லாடம் அடிப்பவர் வேண்டும், அச்சு முறிந்தால் ஒரு ஆசாரி வேண்டும். இவ்வளவும் அரிசிக்கு மட்டும்தான். அதை வேகவைக்கும் விறகை நாம் இன்னும் ஏற்றவே இல்லை. உங்கள் படத்தில் அந்தப் பாதையோரம் ஒரு சத்திரம்கூடக் காணோம்.

ஐந்து மாகாணங்களும் ஒன்றையொன்று நம்பியிருக்கக் கூடாது என்று நீங்கள் முடிவுசெய்த இடத்திலேயே சிக்கல் தொடங்கிவிட்டது. எல்லா இடத்திலும் எல்லாம் விளைந்தால் யாரும் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டியதில்லை. திணை மரபை எடுத்துக்கொண்ட நீங்கள், அந்த மரபில் நிலங்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தவர்களை மறந்துவிட்டீர்கள். நெய்தலில் நெல் இல்லை, மருதத்தில் உப்பு இல்லை என்பதால்தான் உப்பு வணிகர்களான உமணர்கள் வண்டி கட்டினார்கள். உப்பை நெல்லுக்கு நேராக மாற்றினார்கள். அவர்கள் வண்டியின் அடியில் ஒரு சேம அச்சை, அதாவது மாற்று அச்சை, கட்டிக்கொண்டு போனதைச் சங்கப்பாடல் சொல்கிறது. தொலைவு எவ்வளவு, பாதை எப்படிப்பட்டது, வழியில் அச்சு முறிந்தால் உதவிக்கு ஆள் கிடைக்குமா என்பதையெல்லாம் கட்டைவண்டியின் அடியில் தொங்கும் அந்த ஒரு மரத்துண்டிலிருந்து ஊகித்துவிடலாம். ஐந்து கொடிகளை வரைந்து வண்ணம் தீட்டிய நேரத்தில் இப்படி ஒரு அச்சை நீங்கள் யோசித்திருக்கலாம்.

எனவே ஒரு நிலத்தில் எது இல்லை என்பதிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில். இல்லாத பொருள் எங்கிருந்து வருகிறது, வழியில் எந்தெந்த இடத்தில் ஒரு வாகனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது என்று பாருங்கள். அப்படிச் சுமை மாறும் இடத்தில்தான் கூலி, தரகு, சுங்கம், களவு எல்லாம் பிறக்கின்றன. ஊரும் பெரும்பாலும் அங்கேதான் எழும்புகிறது. ஆற்றைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் ஒன்றோடொன்று சேரும். பிரிவதெல்லாம் காவிரி கொள்ளிடமாகப் பிரிவதுபோலச் சமவெளிக்கு வந்த பிறகுதான். இரண்டு கடலுக்கும் ஓடும் ஒரே ஆறு வேண்டாம், இரண்டு ஆறுகளாக்கிவிடுங்கள்.

நீங்கள் செய்வதை 1826-இல் ஒரு ஜெர்மானியப் பண்ணையாளர் செய்துகாட்டியிருக்கிறார். யோகான் ஹைன்ரிக் ஃபான் தூனன் என்பவர் வெளியுலகத் தொடர்பே இல்லாத ஒரு கற்பனை நாட்டை எடுத்துக்கொண்டார். எங்கும் ஒரே மண், ஆறு கிடையாது, நடுவில் ஒரே ஒரு நகரம். அதைச் சுற்றி எது எங்கே விளையும் என்று வண்டிக்கூலியை வைத்துக் கணக்கிட்டார். நகரத்தை ஒட்டிய வளையத்தில் பாலும் காய்கறியும் வந்தன, ஏனென்றால் அவை கெட்டுப்போகும். அதற்கு அடுத்த வளையத்தில், தானியத்துக்கும் முன்னாலேயே, காடு வந்து நின்றது. விறகு கனமானது, விலை குறைந்தது. தொலைவிலிருந்து கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. தானியம் அதற்கு அப்பால், தன் காலிலேயே நடந்து சந்தைக்கு வரக்கூடிய கால்நடை கடைசி வளையத்தில். அந்த நாட்டில் படகு போகக்கூடிய ஓர் ஆற்றை வைத்தால் இந்த வளையங்கள் ஆற்றின் போக்கில் நீண்டுவிடும் என்பதையும் அவர் பார்த்துவைத்தார்.

அந்த நீட்சியைப் பார்க்க நீங்கள் ஜெர்மனிக்குப் போக வேண்டாம். உங்கள் வீட்டருகே பக்கிங்காம் கால்வாய்க்குப் போனால் போதும், மூக்கைப் பிடித்துக்கொண்டாவது. 1806-இல் காக்ரேன் கால்வாய் என்ற பெயரில் எண்ணூர் வரை வெட்டப்பட்டு, பிறகு பழவேற்காட்டைத் தாண்டி வடக்கே நீண்டு, 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பிறகு இன்றைய பெயரைப் பெற்ற இந்த நீர்வழியில்தான் சென்னைக்குச் சவுக்கு விறகும் உப்பும் வந்தன. வண்டியில் ஏற்றினால் கட்டுப்படியாகாத தொலைவிலிருந்து படகில் விறகு வந்ததால், நகரத்தை ஒட்டிய நிலத்தில் காடு வளர்க்க வேண்டிய கட்டாயம் இல்லாமல்போனது. உப்புக் கிடங்குகள் இருந்த சால்ட் கோட்டர்ஸ் பின்னாளில் ரயில் சரக்கு முனையமாயிற்று. சரக்கு மாறியது, வாகனமும் மாறியது. ஆனால் சுமையை இறக்கி ஏற்றும் வேலை அந்த இடத்திலேயே தங்கிவிட்டது. தலைநகரம் மலைமேல்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால், மலையடிவாரத்தில் இப்படி ஓர் இறக்குமிடம் தானாகவே உருவாகும். அந்த ஊர் ஒரு தலைமுறையில் தலைநகரத்தைவிடப் பணக்கார ஊராகிவிடும் என்பது என் ஊகம். அந்த இரண்டு ஊர்களின் பகையே உங்கள் நாவலாகலாம்.

நல்ல துறைமுகம் இருந்தால் நகரம் வரும் என்று கற்பனை நாடு எழுதுபவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். சென்னை அதற்கு நேர்மாறு. 1639-இல் ஆங்கிலேயர் இந்தக் கரையைப் பெற்றபோது இங்கே துறைமுகமும் கிடையாது, கப்பலுக்கு ஒதுங்குமிடமும் கிடையாது. வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் ஏற்கெனவே கோட்டை கட்டி, சோழமண்டலத் துணியை வாங்கிக் கிழக்கிந்தியத் தீவுகளில் வாசனைப் பொருளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலேயருக்கும் துணிதான் வேண்டியிருந்தது. துணி மலிவாகக் கிடைத்ததால் அலையைப் பொறுத்துக்கொண்டார்கள். துணிக்காகவே குடியிருப்புகள் எழுந்தன. திருவொற்றியூர் அருகே ஆளுநர் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் காலடிப்பேட்டை. ஏற்றுமதிக்கு முன் துணியை வெளுக்க நல்ல தண்ணீரும் விரித்துப்போட வெட்டவெளியும் வேண்டும் என்பதால் வண்ணாரப்பேட்டை. கடைசியில் அந்தத் துணி மூட்டைகள் அத்தனையும் மசூலா படகில் ஏறித்தான் கப்பலுக்குப் போயாக வேண்டும். ஆணியே இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த அந்தப் படகு, அலை மோதும்போது வளைந்துகொடுக்கும். கடற்கரைக்கும் கப்பலுக்கும் நடுவே இருந்த அந்த அலைப்பரப்பைத் தாண்டத் தெரிந்த படகோட்டிகள் கையில்தான் ஒரு பேரரசின் வாணிபம் கொஞ்ச நேரமாவது இருந்தது. ஆழிநாட்டில் அப்படி ஒரு கூட்டம் யார்?

பிறகு துறைமுகம் கட்டினார்கள். 1881-இல் புயல் வந்து, முடியும் தறுவாயில் இருந்த சுவர்களை உடைத்தது, மறுபடியும் கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலை ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. கடலுக்குள் நீண்ட சுவர் அந்த மணலை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரித்தது. எண்ணூர் விரைவுச்சாலையோரம் கொட்டிக் கிடக்கும் பாறைகளைத் தினமும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறீர்கள். தெற்கே மாலைக் காற்று வாங்குபவர்களுக்குக் கிடைத்த மணல், வடக்கே வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களின் மணல். புவியியலைக் கதைக்கு முன் ஒரேயடியாக வரைந்து முடித்துவிடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். முதல் அத்தியாயத்தில் ஓர் அரசர் அணைச்சுவர் கட்டினால் பத்தாம் அத்தியாயத்தில் கரையின் கோடு நகர்ந்திருக்க வேண்டும். யாருடைய வீடு போயிற்று என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

சுமை மாறும் இடமெல்லாம் ஊராகிவிடும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் முதன்மையாக அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரிக்காகவே இயங்கத் தொடங்கியது. கப்பலிலிருந்து நிலக்கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறிப் போய்விடுகிறது. ஆள் தேவையில்லாததால் அங்கே ஒரு பாரிமுனையோ இராயபுரமோ எழவில்லை. கழிமுகத்துக்குச் சாம்பல்தான் மிஞ்சியது. எத்தனை கைகள் தேவைப்படுகின்றன என்பதை ஒவ்வோர் இறக்குமிடத்திலும் கேளுங்கள். கன்டெய்னர் வந்தபின் சென்னைத் துறைமுகத்தில் கைகள் குறைந்தன, ஆனால் அதன் ஜீரோ கேட்டுக்கு வெளியே டிரெய்லர்கள் வரிசையில் நின்றன. அந்த வரிசையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். வண்டிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் ஓட்டுநர், சைக்கிளில் டீ கேன் கட்டி வரிசை நெடுகப் போகிறவர், பஞ்சர் கடை, இரவில் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போகிறவன் என்று, தாமதத்தை மட்டுமே நம்பி ஒரு சந்தை அங்கே நடக்கிறது. நாளை ஒருவர் வந்து அந்த வரிசையை ஒழுங்குபடுத்தினால் முதலில் வருந்துவது டீ விற்பவர்தான். பகலெல்லாம் இதைப் பார்த்துவிட்டு இரவில் வீட்டுக்குப் போய் தங்கச் சுரங்கம் எழுதுகிறீர்களே, அது எனக்கு வியப்பாக இருக்கிறது.

வரைபடத்தில் வராத வேலிகளும் உண்டு. பழவேற்காடு ஏரியில் சுத்துவலை போடும் இடங்களுக்குப் பாடு என்று முறை வைத்திருக்கிறார்கள். எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்பது ஊர்களுக்குள் சுழற்சியாகத் தீர்மானமாகும். வெளியாள் கண்ணுக்கு அது வெறும் தண்ணீர். காலத்துக்கும் வேலி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, காசிமேட்டில் மீன்விலை ஏறும். அதே வெயிலில்தான் உப்பளத்தில் வேலை மும்முரமாக நடக்கும், வடகிழக்குப் பருவமழை வந்தால் அது நின்றுவிடும். ஆழிநாட்டுக்கு ஒரு நாணயம் அச்சடிப்பதற்கு முன் ஒரு பஞ்சாங்கம் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மாதத்தில் யாருக்கு வேலை இல்லை, அப்போது யாரிடம் கடன் வாங்குகிறார்கள் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

தங்கச் சுரங்கத்தை மூடிவிடச் சொல்வேன். அது அரசருக்கு உழைக்காமல் வரும் பணம், கதைக்கும் அப்படியே. உப்பு அதைவிட நல்ல சுரங்கம். எல்லோருக்கும் வேண்டும், சில இடங்களில் மட்டுமே விளையும், வெளியேறும் வழிகளைக் காவல் காக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது அதனால்தான். உங்கள் மற்ற நான்கு மாகாணங்களிலிருந்தும் உப்பளங்களை எடுத்துவிட்டு நெய்தலில் மட்டும் வையுங்கள். மலையில் ஒரு படி உப்பு என்ன விலை, கரையில் என்ன விலை என்று இரண்டு எண்களை மட்டும் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் வண்டிக்காரர், தரகர், சுங்கக்காரர், அரசர் ஆகியோர் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு போகும் காட்டுப்பாதை ஒன்று தானாகவே படத்தில் முளைக்கும், அதில் இரவில் நடப்பவரும் கிடைப்பார். அந்த இரண்டு விலைகளுக்கு மேல் முதல் வரைவுக்கு உங்களுக்கு அதிகம் தெரிய வேண்டியதில்லை; கதை எங்கே தடுக்குகிறதோ அங்கே நின்று அடுத்த கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

வரைபடத்தை நூலில் சேர்ப்பது பற்றிக் கேட்டீர்கள். சேர்ப்பதில் தவறில்லை, எனக்கு அதில் பெரிய ஆர்வமும் இல்லை. சேர்ப்பதென்றால் அரசாங்கம் வெளியிட்ட படமாக வேண்டாம். உப்பு வண்டிக்காரர் ஒருவர் தன் மகனுக்குப் போட்டுக்கொடுத்த படமாக இருக்கட்டும், அதில் தண்ணீர் கிடைக்கும் இடங்களும் சுங்கச்சாவடிகளும் மட்டும் இருந்தால் போதும். திருத்திய படத்தை அனுப்பினால் பார்க்கிறேன். உங்கள் நண்பரிடம் முதலில் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்.