ஏஐ வந்த பிறகு ஜூனியர் டெவலப்பர்களுக்கு இனி வேலை இருக்குமா?

கேள்வி: கணினி அறிவியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். கோட் எழுத ஏஐ போதும், புதியவர்களை இனி எடுக்க மாட்டார்கள் என்கிறார்கள். இந்தத் துறைக்கு வரலாமா?

நீங்கள் சென்னையிலோ கோவையிலோ இருந்து கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், தம்பி. தங்கையாக இருந்தால் மன்னிக்கவும். நான் ரங்கூன்காரி. பிறந்து வளர்ந்ததும் இங்கேதான். தமிழ் கற்றது கோவிலில் நடந்த விடுமுறை வகுப்பில், அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "பர்மாவில் ஐ.டி. துறையா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இருக்கிறது. கரண்ட்தான் வரும், போகும்.

இடம் குறைந்துவிட்டது, அதில் பொய் சொல்ல மாட்டேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சம்பளக் கணக்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 22 முதல் 25 வயதுள்ள மென்பொருள்காரர்களின் எண்ணிக்கை, 2022 கடைசியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறக்குறைய 20 சதவீதம் இறங்கியிருக்கிறது. மூத்தவர்களுக்கு அப்படி இல்லை. ஏஐ மட்டும்தான் காரணமா, கொரோனா காலத்தில் கண்டபடி ஆள் எடுத்ததும் சேர்ந்ததா என்று இன்னும் சண்டை நடக்கிறது. நடக்கட்டும். என்னை உறுத்துவது வேறு ஒன்று. அதைச் சொல்ல 2019-க்குப் போக வேண்டும்.

அதற்கும் முன்னால், 2014-ல் இங்கே சிம் கார்டு 1,500 கியாட்டுக்கு (எங்கள் பணம்) இறங்கியதும் ஊரெல்லாம் போன் வந்தது. அந்தப் போன்களில் பர்மிய எழுத்து பெரும்பாலும் ஸோஜி என்ற எழுத்துருவில்தான் இருந்தது. பர்மிய மொழியிலும் நம் ஒற்றைக்கொம்பு மாதிரி, பின்னால் ஒலித்து முன்னால் நிற்கும் குறி ஒன்று உண்டு. ஸோஜியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு முதலில் வரும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் உலகப் பொது முறையான யூனிகோடில் எழுத்துக்குப் பிறகுதான் வரும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். ஆனால் பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருந்தது, பார்த்ததும் தெரிந்துவிடும். ஸோஜியோ யூனிகோடில் பர்மியத்துக்குக் கொடுத்த அதே எண்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இங்கே பேசும் மற்ற மொழிகளான ஷான், மொன், கரேன் எழுத்துகளுக்கு வைத்த இடத்தையும் விடவில்லை. ஆகவே ஒரு வரி ஸோஜியா யூனிகோடா என்று கம்ப்யூட்டர் ஊகிக்கத்தான் முடியும். இதற்கென்று கூகுள் வெளியிட்ட கருவியும் நிகழ்தகவுக் கணக்குப் போட்டுத்தான் சொல்லும். பத்தி நீளமாக இருந்தால் சரி, இரண்டெழுத்துப் பெயரை வைத்து அது என்ன சொல்லும்?

2019 அக்டோபர் 1 முதல் நாடே யூனிகோடுக்கு மாற வேண்டும் என்று அரசு நாள் குறித்தது. நான் அப்போது சிறுகடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து எட்டு மாதம். பெயர் வேண்டாம். கடன் வாங்கியவர்களின் பெயர்களை ஸோஜியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. அதற்கு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதினேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொத்தப் பெயர்ப் பட்டியலிலும் ஓட்டினேன், டீக்கடைக்குப் போய் சமோசா தின்றேன்.

புது ஆப் வழியாக வந்த பெயர்கள் ஏற்கெனவே யூனிகோடில் இருந்தன. அவற்றையும் என் ஸ்கிரிப்ட் மாற்றித் தொலைத்தது. ஷான் மாநிலக் கிளையில் அப்பா பெயரைச் சிலர் ஷான் எழுத்திலேயே பதிந்திருந்தார்கள், அது கூழாகிவிட்டது. பேக்கப் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் கிளைகளில் இருந்த பெண்கள் பாவம், எங்களுக்குத் தகவல் சொல்லாமல் அவர்களே பெயர்களைத் திருப்பித் தட்ட ஆரம்பித்திருந்தார்கள், பாதிப் பேர் ஸோஜியில், பாதிப் பேர் யூனிகோடில். எனக்குத் தெரிய வந்தது பத்து நாள் கழித்து. இனி பழையதை அப்படியே எடுத்துப் போடவும் முடியாது. நாலாயிரத்துச் சொச்சம் பெயர்கள் எதிலும் சேராமல் நின்றன. மூன்று வாரம் போனும் கையுமாக உட்கார்ந்தேன். கிளைப் பெண்கள் அடையாள அட்டை நகலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகப் படிக்க, நான் தட்டினேன்.

என் சயா (இங்கே மேலாளரையும் ஆசிரியரையும் அப்படித்தான் கூப்பிடுவோம்) திட்டவில்லை. "அடுத்த தடவை இருநூறு பேரை மட்டும் மாற்று. இருநூறு பெயரையும் வாய்விட்டுப் படி. அப்புறம் மற்றதைத் தொடு" என்றார். அந்த மாதமும் முழுச் சம்பளம் வந்தது.

போன மாதம் அதே வேலையை ஓர் ஏஐ கருவிக்குக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் எழுதிவிட்டது. என்னுடையதைவிட நல்ல கோட். ஸோஜியா என்று சோதித்த பிறகே மாற்றும்படி அதுவாகவே செய்திருந்தது. ஷான் பெயர்கள் கலந்திருக்கும் என்று நான் சொன்ன பிறகுதான் அதற்கும் வழி செய்தது. நான் சொல்லியிருக்காவிட்டால்? எனக்கு அது தெரிந்தது அந்த மூன்று வாரத்தால்.

ஏஐயைத் திட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தினமும் பயன்படுத்துகிறேன், சந்தா சிங்கப்பூரில் இருக்கும் அக்காவின் கார்டில் போகிறது. உறுத்துவது இதுதான்: நான் கெடுத்துக் கற்றுக்கொண்ட மாதத்துக்கு ஒருவர் சம்பளம் கொடுத்தார். இப்போது நான் வீட்டிலிருந்தே வேலை செய்யும் வெளிநாட்டு நிறுவனத்தில் போன வருடம் இரண்டு ஜூனியர்களை எடுப்பதாக இருந்தது. அந்தக் காசைக் கருவிகளுக்குச் செலவழிக்கலாம் என்று முடிவானது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நான் பேசியிருந்தால் மட்டும் மாறியிருக்குமா என்று கேட்பீர்கள். மாறியிருக்காது. ஆனாலும்.

எங்கள் ஊரில் இன்னொரு கூத்தும் உண்டு. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்ததும் எனக்குத் தெரிந்த இளம் பையன்கள் ஒவ்வொருவராகப் பாங்காக் கிளம்பிவிட்டார்கள். உங்கள் பக்கம் ஜூனியருக்கு இடமில்லை, இங்கே ஜூனியரே இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன், கேட்காதீர்கள்.

எழுத்துரு பற்றிப் பேசியதால் இதையும் கொட்டிவிடுகிறேன். எங்கள் கோவில் திருவிழா நோட்டீஸ் இன்றைக்கும் பாமினியில்தான் தயாராகிறது. அதை அப்படியே ஃபேஸ்புக்கில் ஒட்டுவார்கள், ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து விழும். பர்மியப் பெயர்கள் நாலாயிரத்தைச் சரிசெய்தவள், இலவசமாக மாற்றித் தருகிறேன் என்று போனேன். செயலாளர் ஐயா "அப்பாவை வரச் சொல்லும்மா" என்றார். அப்பாவுக்குப் போனில் அலாரம் வைக்கத் தெரியாது!

சரி, உங்கள் விஷயம். வாருங்கள். ஆனால் பயிற்சி வகுப்புச் சான்றிதழ் நாலு சேர்க்காமல், உங்கள் ஊரில் பழைய கணக்கை மாற்ற முடியாமல் தவிக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கமோ மளிகை மொத்தக் கடையோ இருக்கும், போய்க் கேளுங்கள். நகல் எடுத்துக்கொண்டு அந்த நகலில் கெடுத்துப் பாருங்கள். யாரும் கொடுக்கவில்லை என்றால் எங்கள் கோவிலில் இருபது வருட நோட்டீஸ் இருக்கிறது. வரும்போது அப்பாவையும் அழைத்து வாருங்கள்.